ஒரு வருஷத்து ராகி, பருப்பு, புளியை வண்டு விழாமல் வைப்பது

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஐந்து பேர். தை, மாசியில் ராகி, அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, புளி எல்லாம் வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி வைக்கிறீர்கள். ஆடி தாண்டினால் வண்டு பிடித்துவிடுகிறது. வேப்பிலை, வசம்பு, போரிக் பவுடர், மாத்திரை இவற்றில் எதைப் போட்டால் வண்டு வராது, இப்போது பிடித்துவிட்ட கொள்ளை என்ன செய்வது, இவ்வளவுதான் நீங்கள் எழுதியது. ஆனால் எதைப் போடுவது என்பதற்கு முன்னால் தெரிய வேண்டியது, அந்த வண்டு எப்போது உள்ளே வந்தது என்பது. அது புரிந்தால் மேலே போடும் பொருளுக்கு வேலை குறைவு என்பதும் புரியும்.

வண்டு பெரும்பாலும் நீங்கள் வாங்கி வந்த மூட்டைக்குள்ளேயே வருகிறது. பயறு வண்டு காய் முற்றும்போதே வயலில் காயின் மேல் முட்டை வைத்துவிடும். களத்தில் அடித்துத் தூற்றி மூட்டை கட்டும்போது புழு பயறுக்குள்ளே இருக்கும், வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. அரிசி வண்டு மில்லிலோ மண்டியிலோ பழைய சாக்கிலோ ஒட்டிக்கொண்டு வரும். பெண் வண்டு அரிசியைக் குடைந்து உள்ளே முட்டையிட்டு, குடைந்த இடத்தை அடைத்துவிடும். 28, 30 டிகிரி வெப்பத்தில் முட்டை வண்டாகி வெளியே வர நான்கைந்து வாரம் போதும். மாசியில் மூட்டைக்குள் பத்து வண்டு இருந்தால் சித்திரையில்கூடக் கண்ணில் படாது. மூன்று நான்கு தலைமுறை கழிந்து, ஆடி, ஆவணியில் காற்றில் ஈரமும் ஏறியபின் ஒரேயடியாகக் கிளம்பும். அதனால்தான் மழைக்காற்றோடு வண்டு வந்ததாகத் தோன்றுகிறது. நீங்கள் புரட்டாசியில் பார்க்கும் வண்டுக்கு மாசியிலேயே வழி செய்திருக்க வேண்டும்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய முதல் விஷயம் காய்ச்சல், அதாவது தானியத்தை நன்றாகக் காயவைப்பது. தானியத்தில் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பயறு, பருப்பு என்றால் 9 முதல் 10, நிலக்கடலை 7 முதல் 8. வீட்டில் ஈரமானி இருக்காது. பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காயவில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. தூள் உப்பை வெறும் வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். ஈரமே இல்லாத கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு ஸ்பூன் அந்த உப்பும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிஷம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே வந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். 12-க்கு வர, அதற்குப் பிறகும் இரண்டு நல்ல வெயில் வேண்டும். நம் பக்கம் அந்த வெயில் தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை தாராளமாகக் கிடைக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேடான இடம், அங்கே பனியும் குளிர்ச்சியும் இருப்பதால் ஓரிரு நாள் கூடப் பிடிக்கும். காய்ந்த சூட்டோடு டிரம்மில் கொட்டி மூடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரவில் மூடிக்கு அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து, மேல் அடுக்கில் விழுந்து, அந்த இடத்தில் பூஞ்சை தொடங்கும். சாயங்காலம் நிழலில் பரப்பி, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது கொட்டுங்கள்.

அரிசியை மட்டும் கடும் வெயிலில் போடாதீர்கள். தீட்டிய அரிசி வெயிலில் மயிரிழையாக விரிசல் விடும், உலையில் போட்டால் குருணையாகக் குழையும். காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் பரப்பிப் புடைத்தால் போதும். வெயிலைக் கண்டு வண்டு ஓடிவிடுவதால் அரிசி சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும்.

பயறு வகைக்குக் காய்ச்சல் மட்டும் போதாது. பயறு வண்டு எலும்பாகக் காய்ந்த கொள்ளிலும் காராமணியிலும் பெருகக்கூடியது. அதற்குச் சூடு வேண்டும். சித்திரை வெயிலில் தரையில் சாக்கு விரித்து, அதன்மேல் கறுப்பு பாலித்தீன், அதன்மேல் பயறு ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல், அதற்கும் மேலே கண்ணாடி போன்ற வெள்ளை பாலித்தீன். நான்கு ஓரத்தையும் காற்று போகாமல் கல்லோ மண்ணோ வைத்து அழுத்துங்கள். காலை 11 மணியிலிருந்து 3, 4 மணி வரை விட்டால் உள்ளே சூடு 60 டிகிரியைத் தொடும். முட்டை, புழு, வண்டு மூன்றும் சாகும். வெறுமனே மொட்டை மாடியில் பரப்பினால் இந்தச் சூடு வராது. விதைக்கு எடுத்து வைப்பதை இதில் சேர்க்காதீர்கள், முளைப்புத்திறனோடு விளையாட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வாங்கிய சிறு அளவுக்குக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டு உதவும். ஒரு கிலோ பாக்கெட்டாகக் கட்டி உறைநிலையில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். குளிராகப் பிரித்தால் பருப்பு வியர்த்து, செய்த வேலை வீணாகும்.

இரண்டாவது உறுதியான விஷயம் காற்று புகாத பாத்திரம். ரப்பர் வாஷர் உள்ள, உணவுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் கேன் அல்லது இறுகிய மூடியுள்ள டின். உள்ளே தப்பிப் பிழைத்த நாலைந்து வண்டு இருந்தாலும் அவையே ஆக்சிஜனைத் தீர்த்துக்கொண்டு தின்பதையும் முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். இது வேலை செய்ய இரண்டு நிபந்தனை. பாத்திரம் கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும், பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றே அவற்றுக்குப் பல வாரம் போதும். அடிக்கடி திறக்கக்கூடாது. ஆகவே 100 கிலோவை ஒரே டிரம்மில் கொட்டுவதைவிட 10, 15 கிலோ கேன்களாகப் பிரித்து, மாதம் ஒன்றைத் திறந்து சமையலறை டப்பாவுக்கு மாற்றுவது நல்லது. பெயின்ட், ரசாயனம் வந்த பழைய டிரம் எவ்வளவு கழுவினாலும் தானியத்துக்கு ஆகாது. சாக்கில்தான் வைக்க முடியும் என்றால் பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கி எடுத்து, வெயிலில் திருப்பிப் போட்டுக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். மூட்டை தரையிலும் சுவரிலும் படாமல் அரை அடி உயரப் பலகை மேல் நிற்கட்டும். தகர ஷீட்டுக்கு அடியில் இருக்கும் பரண், வீட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம். பொதுவாக 10 டிகிரி சூடு கூடினால் பொருளின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. எண்ணெய், மாவு, நிலக்கடலை மூன்றையும் அங்கே ஏற்றவே கூடாது.

இனிப் பொருள் பொருளாக. ராகி உங்களுக்குக் கவலை தரக்கூடாத தானியம். மணி மிகச் சிறியது, அரிசி வண்டின் புழு உள்ளே உட்கார்ந்து வளர இடம் போதாது. அந்தக் காலத்தில் தொம்பையிலும் தானியக் குழியிலும் வருஷக்கணக்கில் கிடந்தது இதனால்தான். உமி, தூசி, நொறுங்கிய மணி இருந்தால் மாவு வண்டும் அந்துப்பூச்சியும் அதில் பிழைக்கும், ஆகவே சலித்துப் புடைத்து வைப்பது முக்கியம். ரோட்டில் போட்டு வண்டி ஏற்றி அடித்த ராகி என்றால் பொடிக்கல் நிச்சயம், அரைக்கக் கொடுக்கும் முன் அரித்துக் காயவையுங்கள், வருஷத்துக்கும் மொத்தமாக அரிக்க வேண்டாம். முழு ராகி ஒன்றிரண்டு வருஷம் தாராளமாக நிற்கும். மாவாக்கிவிட்டால் கணக்கே வேறு. மணிக்குள் மூடிக்கிடந்த கொழுப்பு காற்றில் படுகிறது, மூன்று நான்கு வாரத்தில் லேசான கசப்பு வரும், மாவு வண்டுக்கும் மாவுதான் பிடித்த இடம். மில்லிலிருந்து வரும் மாவு கைசுடும் சூட்டில் இருக்கும். வேட்டியில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். 15 நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைக்கும் வீட்டில் ராகி மாவுப் பிரச்சினை பெரும்பாலும் இருக்காது. முளைகட்டி அரைத்த மாவு இன்னும் சீக்கிரம் கெடும்.

சாமையும் அப்படித்தான். உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் இருக்கும், சாமை அரிசியாக்கினால் தவிட்டு எண்ணெய் காறத் தொடங்கும். சித்தேரி மலைப் பக்கம் நேரடியாக வாங்க வழி இருந்தால் உமியோடு வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குத்திக்கொள்ளுங்கள். அதிகம் தீட்டாத அரிசிக்கும், கைக்குத்தல் அரிசிக்கும் இதே விதி. தீட்டிய புழுங்கலரிசி நன்றாக மூடி வைத்தால் ஒரு வருஷம் தாங்கும், பழையதாக ஆக சோறு உதிராகவும் வரும்.

துவரை, அவரை, மொச்சை, கொள்ளு, காராமணியில் எதை உடைக்க முடியுமோ அதை உடைத்து வைத்தால் பயறு வண்டின் தொல்லை குறையும். அது தோலோடு இருக்கும் முழுப் பயறின் வழவழப்பான மேற்பரப்பில் முட்டை ஒட்டுவதைத்தான் விரும்பும். பயறை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தோலில் வெள்ளையாக, கடுகைவிடச் சிறிதாக ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளிதான் முட்டை. வாங்கும்போது ஒரு கைப்பிடியில் இந்தப் புள்ளி நாலைந்து தெரிந்தால் அந்த மூட்டையைச் சேமிப்புக்கு வாங்காதீர்கள். உடைத்த பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவும் பழக்கம் நல்ல பழக்கம், அதற்குக் காரணமும் தெளிவு. எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைக்கிறது. கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 25 கிலோவுக்கு 125 மில்லி. எல்லாப் பருப்பும் மினுமினுக்கும்வரை கையால் பிசற வேண்டும், மேலாக ஊற்றிக் கிளறினால் பாதிதான் படும். விளக்கெண்ணெய் சீக்கிரம் காறாது, வேகவைக்கும் முன் வெந்நீரில் அலசினால் வாடையும் போய்விடும். வீட்டுத் துவரைக்குச் செம்மண் கட்டி உடைப்பதும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. பயறு வகையில் ஒரு குறையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சூட்டிலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த கொள்ளும் மொச்சையும் கெடாவிட்டாலும் வேக அடம்பிடிக்கும். எட்டு, பத்து மணி நேரம் ஊறவைத்துச் சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் ஓரளவு சரியாகும், புதுப்பயறு போல் வராது.

புளி நம் மாவட்டத்துப் பொருள், அதைக் கெடுப்பது பரிதாபம். ஓடும் கொட்டையும் நாரும் எடுத்து, இரண்டு வெயில் காட்டி, கிலோவுக்கு 50 முதல் 100 கிராம் கல்லுப்பு அடுக்கு அடுக்காகப் போட்டு, காற்றிடைவெளி இல்லாமல் மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி அடையுங்கள். அலுமினியம், இரும்பு, பித்தளை எதிலும் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். வருஷம் போகப் போகப் புளி கறுக்கும், அது கெட்டதற்கு அடையாளமில்லை. கொட்டை இருந்தால்தான் துளைப்பான் வரும். ஓட்டோடு இருக்கும் புளியில் குண்டூசி முனையைவிடச் சற்றுப் பெரிய வட்டத் துளை தெரிந்தால் கொட்டைக்குள்ளிருந்து வண்டு வெளியேறியிருக்கிறது என்று பொருள். அந்த வண்டுக்கு நிலக்கடலையும் உணவு. ஓட்டோடு புளி குவித்த அறையில் கடலை மூட்டையை வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும், இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். கடலையை ஓட்டோடு காயவைத்து வைப்பதே சரி, வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம்.

வெல்லம் மழைக்காலத்தில் கசியும், பனை ஓலையோ காகிதமோ சுற்றிக் காற்றுப் புகாத டின்னில் வைப்பது தவிர வேறு வைத்தியமில்லை. காய்ந்த மிளகாயில் ஒன்றிரண்டைப் பிளந்து பாருங்கள், உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சை இருந்தால் வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். உப்பும் சர்க்கரையும் ஈரம் படாமல் இருந்தால் கெடாது. எண்ணெயை ஆறு மாதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம், செக்கு எண்ணெய் என்றால் மூன்று மாதம்.

நீங்கள் கேட்ட வேப்பிலை, வசம்புக்கு இப்போது வருகிறேன். இவை பூச்சியை விலக்கும் என்பது உண்மை, ஏற்கனவே மணிக்குள் இருப்பதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. நன்றாகக் காயவைத்து மூடிய பாத்திரத்தில் இவை கூடுதல் காவல். ஈரத் தானியத்தில் பச்சை வேப்பிலையோ நொச்சியோ போட்டால் இலையின் ஈரமும் சேர்ந்து கெடுக்கும், நிழலில் சருகாக்கிப் போடுங்கள். வசம்பைப் பொடி செய்து விதையில் கலக்கலாம், உண்ணும் தானியத்தில் கலக்க வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் உடம்புக்கு நல்லதல்ல. துணியில் முடிந்து மேலே போட்டால் போதும். காய்ந்த மிளகாய், கிராம்பு, பூண்டு பற்றிச் சொல்லப்படுவது வீட்டுக்கு வீடு மாறுகிறது, அதை நம்பி நூறு கிலோவை ஒப்படைக்கக்கூடாது. போரிக் பவுடரை உணவில் சேர்க்கச் சட்டத்தில் அனுமதியில்லை, கழுவினால் முழுக்கப் போகும் என்ற உறுதியும் இல்லை.

மாத்திரை கூடவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தில் பாஸ்பீன் வாயுவை விடும். அது பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொல்லும், அதற்கு மாற்று மருந்து இல்லை. கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் மூடிப் பயன்படுத்தும் பொருள் அது. உரக்கடையில் யாராவது இரண்டு மாத்திரை உதிரியாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஏற்கனவே வீட்டில் போட்டிருந்தால் எல்லோரும் வெளியே வந்து கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள், வாந்தி, நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல் யாருக்கிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதற்குப் பதில் ஒரு பாதுகாப்பான கருவி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி. உடம்பெல்லாம் துளையிட்ட குழாய், அடியில் கூம்பும் சிறு குப்பியும் இருக்கும். தானியத்துக்குள் செங்குத்தாகச் செருகினால், காற்றைத் தேடி அலையும் வண்டு துளை வழியாக விழுந்து குப்பியில் மாட்டும். வாரம் ஒருமுறை குப்பியைக் கழற்றிப் பார்த்தால் வண்டு தொடங்கிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரியும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது? ஐந்து பேருக்குத் தினம் ஒருவேளை களி என்றால் தலைக்கு 100 கிராம் மாவு, மாதம் 15 கிலோ, வருஷத்துக்கு 180. 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய 150 கிலோ ராகி பிடிக்கும், இடத்தை அப்படிக் கணக்குப் போடுங்கள். 2023 மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள், அது உங்கள் கார்டுக்கு வருகிறதென்றால் வருஷத்துக்கு 24 கிலோ கழித்துக்கொள்ளலாம். பருப்பு தலைக்கு 30 கிராம் வைத்தால் மாதம் நாலரைக் கிலோ. ராகி, புளி இரண்டையும் வருஷத்துக்கு வாங்குங்கள். பருப்பையும் அரிசியையும் ஆறு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள், மழைக்காலம் முழுதும் காவல் காக்க வேண்டிய சுமை பாதியாகும். சேமிக்கும் ஒவ்வொரு கேனிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டி, பழையதை முதலில் திறங்கள்.

இப்போது வண்டு பிடித்திருக்கும் கொள்ளு. அதை முதலில் மற்ற மூட்டைகள் இருக்கும் அறையை விட்டு வெளியே கொண்டுபோங்கள், பறந்து போய் அவற்றிலும் முட்டையிடும். சலித்து, தண்ணீரில் கொட்டுங்கள். துளை விழுந்து உள்ளே குடைந்தது மிதக்கும், அதை வாரிக் கோழிக்குப் போடலாம். மூழ்கியதை அலசிக் காயவைத்து, வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துக்கொண்டால் உள்ளே மிச்சமிருக்கும் முட்டையும் தீரும், ரசத்துக்கும் பொடிக்கும் இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ, பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் பூத்திருந்தாலோ, மக்கல் வாடை அடித்தாலோ இந்த வழி எதுவும் செல்லாது. பூஞ்சை நஞ்சு கழுவினாலும் வறுத்தாலும் போகாது, கடலையிலும் மக்காச்சோளத்திலும் இது இன்னும் கடுமை. அப்படிப்பட்டதை மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாதீர்கள், மாடு தின்றால் அந்த நஞ்சு பாலில் இறங்கும். குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவி முழு வெயிலில் ஒரு நாள் கவிழ்த்து வைத்த பிறகே அடுத்த கொள்முதலைக் கொட்டுங்கள்.